நிரல் நூலோடு வரும் வட்டு: பயன்படுத்தும் முறை

நிரல் எழுதக் கற்றுத்தரும் பழைய நூல்களின் பின்னட்டையைத் திறந்தால் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பதைக் காணலாம். அதற்குள் ஒரு குறுவட்டு இருக்கும். நூலில் அச்சாகியிருக்கும் மாதிரி நிரல்கள் எல்லாம் அதில் கோப்புகளாகக் கிடைக்கும். 1990களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு இது பரவலான வழக்கமாக இருந்தது. இன்று வெளியாகும் நூல்கள் பெரும்பாலும் ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆனால் அந்தக் காலத்து நூல்கள் எங்கும் போய்விடவில்லை. கல்லூரி நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இருக்கின்றன. நான் வசிக்கும் சூரிச்சில் 'புரோக்கி' என்று அழைக்கப்படும் பழைய பொருள் கடைகள் உண்டு. அங்கே சில பிராங்குகள் கொடுத்து நான் வாங்கிய கணினி நூல்களில் பலவற்றில் உறை பிரிக்கப்படாமலே இருந்தது. முதலில் வாங்கியவர் வட்டைத் தொடவே இல்லை! நேர்மாறான கூட்டமும் உண்டு. வட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டாதவர்கள். நான் நெடுநாள் இரண்டாவது கூட்டத்தில் இருந்தவன். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

வட்டில் என்ன இருக்கிறது, அதை எப்படி நகலெடுப்பது, பழைய நிரலை இன்றைய கணினியில் எப்படி ஓட்டுவது, சட்டம் எதை அனுமதிக்கிறது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

தாளிலிருந்து வட்டுக்கு

மாதிரி நிரல் முதலில் தாளில்தான் வந்தது. சூரிச்சின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் (1934-2024) பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். 1984ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவர். 'அல்காரிதம்ஸ் பிளஸ் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஈக்வல்ஸ் புரோகிராம்ஸ்' என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் 1976இல் வெளிவந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் பி.எல்./ஜீரோ என்ற சிறுமொழிக்கு ஒரு முழுத் தொகுப்பியே (கம்பைலர்) அச்சிடப்பட்டிருந்தது. சில நூறு வரிகள்தான். அதை ஓட்டிப் பார்க்க விரும்பியவர் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தாக வேண்டும்.

இதே பல்கலைக்கழகத்திலிருந்து 1970களில் பாஸ்கல்-பி என்ற தொகுப்பி காந்த நாடாவில் வெளியூர்களுக்குப் போனது. நாடாவைப் பெற்றவர்கள் தங்கள் கணினிக்கு ஏற்ற சிறிய இயக்கி ஒன்றை எழுதிக்கொண்டால் போதும், மொழி ஓடத் தொடங்கிவிடும். பாஸ்கல் பல வகைக் கணினிகளுக்குப் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சான் டியேகோவில் உருவான யூ.சி.எஸ்.டி. பாஸ்கலும் இதன் வழித்தோன்றலே. பாஸ்கல்-பியின் விளக்கக் குறிப்புகளை எழுதியவர்களில் கேசவ் நோரி என்ற இந்தியரும் ஒருவர். பின்னாளில் இந்தியா திரும்பி டாடா கன்சல்டன்சியின் ஆய்வுப் பணிகளில் இருந்தவர். நாடாவோடு இந்தக் குறிப்புகளும் போனதை இங்கே கவனிக்க வேண்டும். நிரல் மட்டும் போயிருந்தால் பலருக்கு அது பயன்பட்டிருக்காது.

அடுத்து நெகிழ்வட்டு. 1987இல் ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய இயங்குதள நூலில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூலநிரல் ஏறத்தாழ 12,000 வரிகள் பின்னிணைப்பாக அச்சாகியிருந்தன. நெகிழ்வட்டுகளைத் தனியே விலைக்கு வாங்க வேண்டும். 1997இல் வந்த இரண்டாம் பதிப்பில் குறுவட்டு நூலுடனேயே வந்தது. 1998இல் வெளியான சார்லஸ் பெட்சால்டின் 'புரோகிராமிங் விண்டோஸ்' ஐந்தாம் பதிப்பும் அப்படித்தான். சூரிச்சிலும் அதே காலத்தில் ஈ.டி.எச். பதிப்பகமான வி.டி.எஃப்., 'ஓபரான் கம்பேனியன்' என்ற நூலைக் குறுவட்டுடன் வெளியிட்டது. விர்த்தின் ஓபரான் வழிவந்த இயங்குதளம் அந்த வட்டில் இருந்தது.

வட்டின் உள்ளே

கால் நூற்றாண்டுக்கு முந்தைய வட்டை இன்றைய கணினி எப்படிப் படிக்கிறது? இதற்கு நாம் ஜெனீவாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். குறுவட்டில் கோப்புகளை எப்படி அடுக்க வேண்டும் என்ற விதியை ஜெனீவாவில் இயங்கும் எக்மா அமைப்பு 1986இல் எக்மா-119 என்ற தரமாக வெளியிட்டது. அதே ஊரை மையமாகக் கொண்ட ஐ.எஸ்.ஓ. அமைப்பு 1988இல் அதை ஐ.எஸ்.ஓ. 9660 என்று ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே இந்தத் தரத்தை அறியும். அதனால்தான் வட்டைப் போட்டவுடன் கோப்புகள் தெரிகின்றன.

இந்தத் தரத்தின் முதல் நிலை மிகக் கண்டிப்பானது. கோப்பின் பெயர் எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து. அதுவும் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு மட்டுமே. ஜாவா மொழியின் கோப்பு நீட்சி நான்கெழுத்து என்பதால் இந்த விதிக்குள் அடங்காது. எனவே பதிப்பகங்கள் ஜோலியட் என்ற மைக்ரோசாஃப்டின் நீட்டிப்பைப் பயன்படுத்தின, அல்லது எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி வைத்தன. வட்டில் நிரல்கள் இல்லையே என்று திகைப்பவர்கள் முதலில் ஜிப் கோப்பு இருக்கிறதா என்று தேடட்டும்.

பெரும்பாலான வட்டுகளில் நான்கு வகைப் பொருள்கள் இருக்கும். ஒன்று, 'ரீட்மீ' என்ற குறிப்புக் கோப்பு. இரண்டு, அத்தியாயவாரியாக அடைவுகளில் மூலநிரல்கள். மூன்று, அப்போது கிடைத்த தொகுப்பியின் இலவச அல்லது சோதனைப் பதிப்பு. நான்கு, உரிம விவரம். பலரும் மூன்றாவதை நிறுவுவதில் பொழுதைக் கழிப்பார்கள். முதலில் படிக்க வேண்டியவை ஒன்றும் நான்கும்தான். அச்சுக்குப் பின் கண்டுபிடித்த பிழைகளை ஆசிரியர்கள் பெரும்பாலும் ரீட்மீயில் குறித்திருப்பார்கள். அச்சிலிருக்கும் நிரலும் வட்டிலிருக்கும் நிரலும் வேறுபட்டால் வட்டிலிருப்பதே பெரும்பாலும் பிந்தைய வடிவம்.

நகலெடுத்தல்

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கி கிடையாது. யூ.எஸ்.பி.யில் செருகும் வெளி இயக்கி ஒன்று போதும்.

வட்டை விளிம்பில் பிடியுங்கள். தூசி இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. பளபளக்கும் அடிப்பக்கத்தையே நாம் பெரிதாகப் பாதுகாக்கிறோம். உண்மையில் தரவைத் தாங்கும் அலுமினியப் படலம் மேல்பக்கம், பெயர் அச்சிட்ட பூச்சுக்கு உடனடியாகக் கீழே இருக்கிறது. மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதும், நூலக எண் ஒட்டிய தாளைப் பிய்த்தெடுப்பதும் வட்டைக் கொன்றுவிடும்.

தனித்தனிக் கோப்புகளை இழுத்துப் போடுவதைவிட முழு வட்டையும் ஒரே ஐ.எஸ்.ஓ. படிமக் கோப்பாக எடுத்து வைப்பது நல்லது. அடைவு அமைப்பு, பெயர்கள், தேதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். இன்றைய இயங்குதளங்கள் படிமத்தை வட்டைப் போலவே திறக்கும். படிமத்தின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் நகல் கெட்டுப்போயிருக்கிறதா என்று அதைக்கொண்டு அறியலாம்.

பிறகு படிமத்திலிருந்து மூலநிரல்களை வன்தட்டுக்கு நகலெடுத்து அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பழைய விண்டோஸ்களில் வட்டிலிருந்து வந்த கோப்புகள் 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வரும். திருத்திச் சேமிக்க முயன்றால் மறுக்கும். கோப்பின் பண்புகளில் போய் அந்தக் குறியை நீக்கினால் சரியாகிவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

எதையும் மாற்றாமல் முதலில் தொகுத்துப் பாருங்கள். பிழைகள் வந்தால் பயப்பட வேண்டாம். நிரலில் தவறில்லை, மொழி நகர்ந்துவிட்டது. அடிக்கடி வருபவை இவை:

பெயரில் எழுத்து வேறுபாடு. நிரலுக்குள் தலைப்புக் கோப்பின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும், வட்டில் பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் 'கோப்பு இல்லை' என்று சொல்லிவிடும். பெயரை மாற்றினால் போதும்.

மொழியின் பதிப்பு. 1998இல் சி++ தரப்படுத்தப்பட்டபோது ஐஓஸ்ட்ரீம் கோப்பின் பெயரிலிருந்து '.எச்' போய்விட்டது. நம் ஊர்க் கல்லூரிகளில் டர்போ சி கொண்டு படித்தவர்களுக்குக் கோனியோ கோப்பும் திரையைத் துடைக்கும் கட்டளையும் பழக்கம். அவை டாஸ் காலத்துத் தொகுப்பிகளுக்கு உரியவை, மொழியின் தரத்தில் இல்லை. கெட்ஸ் என்ற உள்ளீட்டுச் செயற்கூறு ஆபத்தானது என்பதால் 2011ஆம் ஆண்டின் சி தரத்திலிருந்தே நீக்கப்பட்டது. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பழைய பைதான் நூல்களின் அச்சிடும் கட்டளையில் அடைப்புக்குறி சேர்த்தால்தான் இன்று ஓடும்.

வரி முடிவும் குறியேற்றமும். விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவில் இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. ஜெர்மன், பிரெஞ்சு நூல்களின் வட்டுகளில் உம்லாட் போன்ற எழுத்துகள் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் இருக்கலாம். தமிழ்க் கணினி நூல்களின் வட்டுகளில் டிஸ்கி, டாப் போன்றவை. மாற்றிக்கொள்ளாமல் திறந்தால் குப்பையாகத் தெரியும்.

எதுவுமே ஒத்துவராவிட்டால் பழைய இயங்குதளத்தை ஒரு மெய்நிகர்க் கணினியில் நிறுவலாம். டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் போதும். ஆனால் நூலாசிரியர் கண்ட அதே சூழல் தேவையா, அல்லது கருத்து மட்டும் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கருத்து மட்டும் போதுமென்றால் புதிய மொழிப் பதிப்புக்கு மாற்றி எழுதுவதே நல்ல பயிற்சி.

ஓடியவுடன் வேலை முடியவில்லை. ஒரு மாறிலியை மாற்றி விடை எப்படி மாறும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பாருங்கள். பிறகு வட்டை மூடிவிட்டு, நூலையும் மூடிவிட்டு, அதே நிரலை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் நாம் படிக்கவில்லை.

நான் சறுக்கிய இடம்

சுவிட்சர்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு சிறு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் பட்டியலைப் படித்து முகவரித் தாள் அச்சிடும் நிரல் எழுத வேண்டியிருந்தது. என்னிடமிருந்த சி நூலின் வட்டில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும் மாதிரி இருந்தது. எடுத்துப் போட்டேன். பெயருக்கு இருபது இடம், தெருவுக்கு இருபது இடம் என்று அதில் ஒதுக்கியிருந்தது. ஹன்ஸ் முல்லர் போன்ற பெயர்களுக்குத் தாராளமாகப் போதும். சோதித்தோம், சரியாக இருந்தது, வேலைக்கு அனுப்பினோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு கடிதம் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் ஓர் ஈழத்தமிழர். பாலசுப்பிரமணியம் என்று ரோமன் எழுத்தில் எழுதினாலே பதினாறு இடம் போய்விடும். அவருக்கு அத்தோடு இன்னொரு நீண்ட பெயரும் இருந்தது. பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, மிச்ச இடத்தில் தெருப்பெயர் ஒட்டிக்கொண்டு அச்சாகியிருந்தது. சி மொழியில் இத்தனை எழுத்து மட்டும் நகலெடு என்று சொல்லும் செயற்கூறு, பெயர் நீளமாக இருந்தால் முடிவுக் குறியைப் போடாமல் விட்டுவிடும். அச்சிடும்போது பெயர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்த புலத்துக்குள் ஓடிவிடும். சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று அந்த அலுவலகத்தில் தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து நூலை எடுத்துப் பார்த்தேன். அந்த நிரலுக்குக் கீழே நான்கு வரியில் ஒரு பத்தி. விளக்கம் நீண்டுவிடாமல் இருக்க நீளச் சோதனையை விட்டிருப்பதாகவும், உண்மைப் பயன்பாட்டில் அதைச் சேர்த்தே தீரவேண்டும் என்றும் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வட்டிலிருந்த கோப்பில் அந்தப் பத்தி இல்லை. நான் வட்டை மட்டும் திறந்தேன், பக்கத்தைத் திறக்கவில்லை.

மாதிரி நிரல் என்பது ஒரு கருத்தை விளக்க எழுதியது. அதற்குத் தேவையில்லாத பிழைச் சோதனை, பாதுகாப்பு, நினைவக விடுவிப்பு எல்லாவற்றையும் ஆசிரியர் தெரிந்தே விட்டிருப்பார். என்ன விட்டிருக்கிறார் என்பது நூலில்தான் இருக்கும். இப்போதெல்லாம் வட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நூலின் பெயர், பதிப்பு, பக்க எண், ஆசிரியர் விட்டதாகச் சொன்னவை ஆகியவற்றைக் குறிப்புரையாக எழுதிவிட்டே மற்ற வேலை. ஐந்து நிமிடம்தான் ஆகும்.

யாருடைய நிரல்?

புத்தகம் என்னுடையது, எனவே வட்டிலுள்ள நிரலும் என்னுடையது என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1886 செப்டம்பர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்னில் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கை இலக்கிய, கலைப் படைப்புகளைப் பாதுகாக்கிறது. கணினி நிரலும் அந்த உடன்படிக்கையின் பொருளில் இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது 1994இல் கையெழுத்தான டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இலக்கியப் படைப்பு என்ற சொல்லின் விளக்கத்துக்குள் கணினி நிரல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் ஒரு கவிதைத் தொகுப்பும் ஒரு வரிசைப்படுத்தும் நிரலும் ஒரே இனம்.

சுவிட்சர்லாந்தின் 1992ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நிரலைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவர் ஒரு காப்பு நகல் எடுக்கலாம் என்கிறது. ஒப்பந்தம் போட்டும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்காக மற்றப் படைப்புகளுக்குத் தரும் சலுகை கணினி நிரல்களுக்குப் பொருந்தாது. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் முறைப்படி வைத்திருப்பவர் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. ஆக, மேலே சொன்ன படிமத்தை உங்களுக்காக எடுத்து வைப்பதில் தவறில்லை. நண்பர்களுக்கு விநியோகிப்பது வேறு விஷயம்.

மாதிரி நிரலை நம் நிரலில் சேர்க்கலாமா என்பது நூலுக்கு நூல் மாறும். ஓரைலி பதிப்பகம், சில பகுதிகளை உங்கள் நிரலில் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் மாதிரிகளை வட்டாக விற்கவோ வழங்கவோ அனுமதி வேண்டும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடும். 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' என்ற கணிப்பு நூலின் உரிமம் கண்டிப்புக்குப் பேர்போனது. வேறு சில நூல்களில் உறையைப் பிரித்தாலே உரிமத்தை ஏற்றதாகப் பொருள் என்று உறைமேல் அச்சிட்டிருக்கும். அலுவலக வேலையில் சேர்க்கும் முன் இந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இதில் நல்ல முன்னுதாரணம் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் டானன்பாமின் நூலைப் படித்தார், மினிக்ஸை வாங்கித் தன் கணினியில் நிறுவினார். அந்த நாளில் மினிக்ஸைச் சுதந்திரமாகப் பகிர உரிமம் இடம் தரவில்லை. 1991 ஆகஸ்டில் தன் இயங்குதளத்தை அறிவித்தபோது அதில் மினிக்ஸ் நிரல் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அதுதான் லினக்ஸ் ஆனது. மினிக்ஸின் உரிமம் 2000இல் தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

நிரல் உயிரோடு இருக்க

மறுபடி விர்த்திடம் வருகிறேன். 1992இல் அவரும் யூர்க் குட்க்நெக்டும் சேர்ந்து 'புராஜெக்ட் ஓபரான்' என்ற நூலை வெளியிட்டார்கள். ஓர் இயங்குதளமும் தொகுப்பியும் முழுமையாக எப்படிக் கட்டப்படுகின்றன என்று மூலநிரலோடு விளக்கிய நூல். அது ஓடியது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 32000 வரிசைச் செயலியில். காலப்போக்கில் அந்தச் செயலி வழக்கொழிந்தது. நூல் இருந்தது, நிரல் இருந்தது, ஓட்டத்தான் கணினி இல்லை.

மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள். விர்த் தானே ஒரு எளிய செயலியை வடிவமைத்து, எஃப்.பி.ஜி.ஏ. என்ற மாற்றியமைக்கத்தக்க சில்லில் அதை அமைத்து, ஓபரானை அதற்கு ஏற்றார். நூலையும் திருத்தி எழுதி, 2013இல் நிரலோடு இணையத்தில் இலவசமாக வைத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. மாதிரி நிரல் ஓடாவிட்டால் நூலின் பாதி செத்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நம்மால் செயலி செய்ய முடியாது. ஆனால் வட்டையும் நூலையும் பிரிக்காமல் வைத்திருக்க முடியும். நான் படித்த கல்லூரியில் நூல்கள் திறந்த அலமாரியிலும் வட்டுகள் பூட்டிய பீரோவிலும் இருந்தன. எது எதனுடையது என்று பீரோவின் சாவி வைத்திருந்தவருக்கே தெரியாது. உங்கள் கல்லூரி நூலகத்தில் அப்படிக் கிடந்தால் நூலகரிடம் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு வட்டின் உறையிலும் நூலின் பெயரையும் சேர்க்கை எண்ணையும் எழுதி வைக்க ஒரு சனிக்கிழமை போதும். பேனா உறையில் மட்டும் படட்டும், வட்டில் வேண்டாம்.